லைசென்ஸ் வேண்டாத டிஜிட்டல் வாக்கி டாக்கி: மூணு வகை செட்டு வாங்கி குடோன் முழுக்க நடந்து பாத்தாச்சு

முதல்லயே முடிவ சொல்லிடறேன், கடைசி வரைக்கும் படிக்க நேரம் இல்லாதவங்களுக்கு. லைசென்ஸ் வேண்டாத டிஜிட்டல் செட்டு 18 வாங்கினோம், ஏழு மாசமா ரெண்டு ஷிஃப்டும் ஓடுது, திருப்திதான். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி நான் எதெல்லாம் முக்கியம்னு நெனச்சேனோ அதுல பாதி முக்கியமே இல்ல, எத சாதாரணமா விட்டேனோ அதுதான் தினமும் தலைவலி. அத சொல்லத்தான் இவ்ளோ பெருசா எழுதறேன்.

எங்க இடம் மூணு மாடி குடோன். கீழ பேஸ்மென்ட், பின்னாடி கோல்ட் ரூம், முன்னாடி லோடிங் பே (லாரி நின்னு சரக்கு ஏத்தி இறக்கற எடம்), வெளிய கேட்ல செக்யூரிட்டி. முன்னாடி பெரும்பாலும் ஃபோன்தான். கை உறைய கழட்டி, பாக்கெட்ல இருந்து எடுத்து, லாக் தொறந்து, அவர் நம்பர தேடி, அவர் எடுக்காம, திரும்ப வாய்ஸ் நோட் போட்டு, அத அவர் அரை மணி நேரம் கழிச்சு கேட்டு, அதுக்குள்ள லாரி தப்பான பே-ல நின்னு ஆளுக்கு ஆள் திட்டிக்கிட்டு... இது பழகினவங்களுக்கு தெரியும். வாக்கியில ஒரு பட்டன், ஒரு வாட்டி சொன்னா எல்லாரும் கேட்டாச்சு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற தம்பிங்க கையில ஃபோன் இருக்கவும் கூடாது, அது தனி.

சரி, லைசென்ஸ் வேண்டாம்னா என்ன அர்த்தம்னு முதல்ல. ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு குட்டி அலைவரிசை துண்ட “யார் வேணா பேசிக்கோங்க, ஆனா இவ்ளோ சக்திக்கு மேல போகாதீங்க”ன்னு விட்டு வச்சிருக்காங்க. ஐரோப்பால அது பிஎம்ஆர் 446, அதாவது 446.0ல இருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ், அரை வாட்டு, ஆன்டெனாவ கழட்ட முடியாதபடி செட்டோடயே சேர்ந்து இருக்கணும், ரிப்பீட்டர் (சிக்னல வாங்கி பலமா திருப்பி அனுப்பற பொட்டி) வைக்க கூடாது. இந்தியால 2018 விதிகள்ல இதே 446.0 - 446.2 துண்டுக்கு குறைஞ்ச சக்தி செட்டுக்கு லைசென்ஸ் விலக்கு இருக்கு. அமெரிக்கால கதை வேற, அங்க எஃப்ஆர்எஸ்னு 22 சேனல் இருக்கு, ஆனா அதுல டிஜிட்டல் குரல் அனுமதி இல்ல, அதனால அங்க டிஜிட்டல் வேணும்னா 902 - 928 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு வாட்டுல அலைவரிசை விட்டு அலைவரிசை தாவித் தாவி ஓடற செட்டுங்க, மோட்டோரோலா டிஎல்ஆர்1060 மாதிரி. அந்த செட்ட வாங்கிட்டு வந்து வேற நாட்டுல ஆன் பண்ணா தப்பு, ஏன்னா பல நாட்டுல 900 பக்கம் மொபைல் நெட்வொர்க் இருக்கு. அதனால ஆன்லைன்ல நல்லா இருக்கேன்னு எதையாவது ஆர்டர் போடறதுக்கு முன்னாடி உங்க நாட்டு விதி என்ன, அந்த மாடலுக்கு அங்க அப்ரூவல் இருக்கான்னு பாத்துடுங்க. “லைசென்ஸ் ஃப்ரீ”ன்னு பொட்டில எழுதினவன் எந்த நாட்டுக்கு எழுதினான்னு யாருக்கு தெரியும்.

இன்னொண்ணு, சில பேரு அஞ்சு வாட்டு ஹாம் செட்ட (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா பேசறவங்க வச்சிருக்கற ரேடியோ) வாங்கி 446ல ப்ரோக்ராம் பண்ணி ஓட்டிக்கலாம்னு ஐடியா குடுப்பாங்க. எனக்கும் ஒருத்தர் குடுத்தாரு. சக்தி அதிகம், ஆன்டெனா கழட்டலாம், அப்பவே அது லைசென்ஸ் விலக்குல வராது. ஆஃபீஸ் பேர்ல பில்லு போட்டு சட்ட விரோதமா ஒரு பொருள் வாங்கற ஆள் நான் இல்ல, அவ்ளோதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். 446ல எல்லா செட்டுக்கும் அரை வாட்டுதான் உச்சவரம்பு. அதாவது சின்ன கம்பெனி செட்டு, பெரிய கம்பெனி செட்டு, எல்லாம் ஒரே மாதிரிதான் கத்த முடியும். அப்பறம் எப்படி ஒரு பொட்டில 5 கிலோமீட்டர், இன்னொண்ணுல 10 கிலோமீட்டர்? மலை மேல ஒருத்தன், பள்ளத்தாக்குல ஒருத்தன், நடுவுல ஒரு செடி கூட இல்ல, அந்த கணக்கு. கட்டடத்துக்குள்ள கான்கிரீட்டும் கம்பியும் என்ன சொல்லுதோ அதுதான் ரேஞ்சு. எங்க குடோன்ல நேர் கோட்டுல நூத்தி சொச்சம் மீட்டர் தாண்டினா ஏற்கனவே கேட் வந்துடும், அதுக்கே ரெண்டு மூலைல தடுமாறுச்சு. அதனால கிலோமீட்டர் பாத்து யாரும் வாங்காதீங்க, வாட்டும் பாக்காதீங்க, நடந்து பாத்து வாங்குங்க.

நாங்க எப்படி நடந்தோம்னா, மூணு வகை செட்டு ரெண்டு ரெண்டா ட்ரையலுக்கு வாங்கினேன். ஒண்ணு பழைய மாதிரி அனலாக், மத்த ரெண்டும் டிஜிட்டல், ஒண்ணு டிஎம்ஆர், இன்னொண்ணு டிபிஎம்ஆர் (ரெண்டும் டிஜிட்டல்ல பேசற முறைங்க, வித்தியாசம் கீழ சொல்றேன்). லோடிங் பே-ல ஒருத்தர் நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டாரு, கையில கட்டடத்தோட ப்ளான் ஜெராக்ஸ், சிவப்பு பேனா. இன்னொருத்தர், எங்க ஸ்டோர் அண்ணன், மூணு செட்டையும் தோள் பையில போட்டுக்கிட்டு மூலை மூலையா போய் ஒவ்வொண்ணுலயா “ஒண்ணு, ரெண்டு, மூணு”ன்னு இருபது வரைக்கும் எண்ணுவாரு, இவரு கேட்டா டிக்கு, கரகரன்னு கேட்டா சுழி, கேக்கலன்னா பெருக்கல் குறி. ஒரு மதியம் பூரா இது. பாக்கறவங்களுக்கு பைத்தியக்காரத்தனமா இருந்திருக்கும், ஆனா அந்த ஒரு பேப்பர்தான் நாங்க பண்ணதுலயே உருப்படியான வேலை.

கோல்ட் ரூம்லதான் சுவாரஸ்யம். அண்ணன் கதவ தொறந்து வச்சுக்கிட்டு எண்ணும்போது மூணும் பளிச்சுன்னு கேட்டுச்சு. கதவ சாத்தினாரு. அனலாக்ல இரைச்சல் ஏறுது, பதினொண்ணு பன்னெண்டு எல்லாம் மழைக்குள்ள இருந்து யாரோ கூப்பிடற மாதிரி, ஆனா காத தீட்டிக்கிட்டா புரியுது. டிஎம்ஆர்ல பதிமூணு வரைக்கும் பக்கத்துல நின்னு பேசற மாதிரி சுத்தமா கேட்டுச்சு, பதினாலுல ஏதோ தண்ணிக்குள்ள பேசற சத்தம், அப்பறம் ஒண்ணுமே இல்ல. அமைதி. அண்ணன் பாவம் உள்ள இருபது வரைக்கும் எண்ணி முடிச்சுட்டு வெளிய வந்து “கேட்டுச்சா”ன்னு கேக்கறாரு. இதுதான் டிஜிட்டலோட குணம். அனலாக் மெதுவா சாகும், டிஜிட்டல் நின்ன எடத்துல விழும். எல்லை வரைக்கும் டிஜிட்டல்தான் தெளிவு, சந்தேகமே இல்ல, ஆனா எல்லை வந்துடுச்சுன்னு அது சொல்லாது. இரைச்சல் ஏறினா மனுஷன் தானா நாலடி முன்னாடி வருவான், இதுல அந்த எச்சரிக்கை கிடையாது. இத டிஜிட்டல் விக்கறவங்க யாரும் சொல்லல.

கதவுல ஒட்டி வச்சிருக்கோம் இப்ப, “உள்ள போறதுக்கு முன்னாடி சொல்லிட்டு போங்க, வெளிய வந்ததும் சொல்லுங்க”ன்னு. கோல்ட் ரூம் சுவத்துல இருக்கற உலோக பேனல் சிக்னல தடுக்கும், அதுக்கு மருந்து கிடையாது.

ஒரு சின்ன டிப்ஸ் சொல்றேன், 446ல அலையோட நீளம் கிட்டத்தட்ட 67 சென்டிமீட்டர். சுவத்துலயும் ரேக்லயும் மோதி திரும்பி வர்ற அலைங்க ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு செத்த புள்ளிகள் உண்டாகும், அது பெரும்பாலும் ஒரு அடி அளவுக்குத்தான் இருக்கும். அதனால கேக்கலன்னா மாடி ஏற வேண்டாம், ஒரு எட்டு தள்ளி நின்னு பேசிப் பாக்கணும். இத பசங்களுக்கு சொல்லிக் குடுத்த பிறகு “கேக்கல கேக்கல”ங்கற புலம்பல் பாதியா கொறஞ்சுது. இடுப்புல தொங்கவிட்டு மைக்ல மட்டும் பேசினாலும் நம்ம உடம்பு கொஞ்சம் சிக்னல தின்னுடும், வாய் உயரத்துக்கு தூக்கி நேரா பிடிச்சா வித்தியாசம் தெரியும்.

அப்ப ஏன் டிஜிட்டல் எடுத்தேன்? சத்தம். லோடிங் பே-ல லாரி எஞ்சின் ஓடும், ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப்னு பின்னாடி வரும், கன்வேயர் ஒரு பக்கம். அனலாக் செட்டு அது எல்லாத்தையும் அப்படியே தூக்கிட்டு வந்து காதுல கொட்டும். டிஜிட்டல் செட்டு குரல அப்படியே அனுப்பறது இல்ல, வோகோடர்னு ஒண்ணு மனுஷ குரலோட சாயல மட்டும் எடுத்து நொடிக்கு 2450 பிட்டுல சுருக்கி அனுப்பும், கூடவே 1150 பிட்டு பிழை திருத்தறதுக்கு. அதுல மனுஷ குரல் மாதிரி இல்லாதது எல்லாம் அடிபட்டு போகும், முழுசா இல்ல, ஆனா நிறைய. நல்ல செட்டுல இதுக்கு மேல தனியா சத்தம் வடிகட்டறதும் உண்டு. பக்க விளைவும் உண்டு, ஹாரன் சத்தம் உள்ள போச்சுன்னா அது தவளை கத்தற மாதிரி வெளிய வரும், முதல் வாரம் எல்லாரும் சிரிச்சாங்க. பேசறவரு குரல் கொஞ்சம் ரோபோ மாதிரி தட்டையாவும் இருக்கும், யாரு பேசறாங்கன்னு குரல வச்சு கண்டுபிடிக்க கஷ்டம். அதனால பேர சொல்லிட்டு பேசற பழக்கம் வரணும்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா பட்ட விஷயம், எந்த ரிவ்யூலயும் நான் பாக்காதது. தமிழ்ல பேசறவங்களுக்குன்னே உள்ள சிக்கல் இது. நம்ம மொழில “ஆமா”வும் “இல்ல”யும் வாக்கியத்தோட வால்ல இருக்கு. “அந்த லோட இறக்க வேணாம்”, “அந்த லோட இறக்க வேணும்”. வித்தியாசம் கடைசிக்கு முந்தின ஒரு எழுத்துதான். நம்மாளுங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், பேசி முடிக்கறதுக்குள்ள பட்டன்ல இருந்து விரல எடுத்துடுவாங்க. ரெண்டாவது வாரமே நடந்துச்சு, சூப்பர்வைசர் “பதினேழாம் நம்பர் லோட இறக்க வேணா...”ன்னு விட்டாரு, கேட்டது “இறக்க வேண்”தான், கீழ தம்பி இறக்கி முடிச்சுட்டாரு, முழு பாலெட்டு (சரக்கு அடுக்கின பலகை), திரும்ப ஏத்தணும். ரெண்டு பேரும் தான் சொன்னதுதான் சரின்னு அடிச்சு சொல்றாங்க. யார தப்பு சொல்றது? அன்னைல இருந்து ரூல், வேணாம்னா முதல்ல “நிறுத்து”ன்னு ஆரம்பிக்கணும். “நிறுத்து, பதினேழு, இறக்காதீங்க.” கேட்டவரு திருப்பி சொல்லணும்.

முன்பக்கமும் வெட்டும். பட்டன அமுக்கின உடனே பேச ஆரம்பிச்சா முதல் அசை போயிடும், டிஜிட்டல்ல கொஞ்சம் கூடுதலாவே போகும், ஏன்னா எதிர் செட்டு சிக்னல பிடிச்சு ஒத்துப்போன அப்பறம்தான் குரல் ஓடும். அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, அப்பறம் பேசணும். சில மாடல்ல பேசலாம்ங்கறதுக்கு ஒரு குட்டி பீப் வச்சுக்கலாம், அத கண்டிப்பா ஆன் பண்ணுங்க. அப்பறம் இந்த “ஒண்ணு”, “மூணு”. வோகோடர் வழியா வந்தா ரெண்டும் அக்கா தங்கச்சி. “ஒண்ணாம் பே” சொன்னா மூணாம் பே-ல போய் நிக்கறான். இங்க நாங்க தமிழ விட்டுக் குடுத்துட்டோம், பே நம்பர் மட்டும் ஒன், டூ, த்ரீதான். தமிழ் பற்று உள்ளவங்க மன்னிக்கணும், பாலெட்டு ஏத்தி இறக்கறது நீங்க இல்ல.

டிஎம்ஆரா டிபிஎம்ஆரா? பேரு ஒரே மாதிரி இருக்கறதால ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு பாதி அதுல பாதி இதுல வாங்கினீங்கன்னா முடிஞ்சுது, டிஜிட்டல்ல ஒண்ணோட ஒண்ணு பேசாது. ரெண்டும் ஐரோப்பிய தர அமைப்பான எட்சி எழுதினதுதான். டிஎம்ஆர்ல டியர் (பிரிவு) ஒண்ணுன்னு சொல்றது லைசென்ஸ் வேண்டாத வகை, டியர் ரெண்டும் மூணும் லைசென்ஸ் ஆளுங்களுக்கு. டிபிஎம்ஆர் இன்னும் ஒல்லியான சேனல், 6.25 கிலோஹெர்ட்ஸ், அதனால 446 துண்டுக்குள்ளயே 32 சேனல் கிடைக்கும், டிஎம்ஆர்ல 12.5 கிலோஹெர்ட்ஸ், 16 சேனல். கேக்கற தரத்துல எங்க காதுக்கு பெரிய வித்தியாசம் தெரியல, உண்மைய சொல்றேன். ஐகாம் ஐசி-எஃப்29எஸ்டிஆர், கென்வுட் டிகே-3401டி எல்லாம் டிபிஎம்ஆர் பக்கம், ஹைடெரா பிடி305எல்எஃப் டிஎம்ஆர் பக்கம். எதுல ஆரம்பிக்கறீங்களோ அதுலயே இருங்க, நாளைக்கு நாலு செட்டு சேக்கும்போதும் அதே வகையான்னு பாத்து வாங்குங்க, இவ்ளோதான் இந்த சண்டைல சாரம். நாங்க எத எடுத்தோம்னு பிராண்டு பேரு சொல்லல, ஏன்னா கீழ ஒரு புகார் இருக்கு.

பழைய அனலாக் செட்டு ஆறு இருந்துச்சு, தூக்கிப் போட மனசு வரல, செக்யூரிட்டிக்கு குடுத்தோம். புது செட்டு அனலாக்லயும் பேசும், அதனால ஒரு சேனல மட்டும் அனலாக்னு வச்சுக்கிட்டோம். முதல் நாள் யாரோ டிஜிட்டல் சேனல்ல பேச, அதே அலைவரிசைல இருந்த பழைய செட்டு தொடர்ந்து ட்ர்ர்ர்ர்னு மோட்டார் மாதிரி உறும ஆரம்பிச்சுது, செக்யூரிட்டி அண்ணே செட்டு வெடிக்கப் போகுதுன்னு மேஜை மேல வச்சுட்டு தள்ளி நின்னுட்டாரு. டிஜிட்டல் சிக்னல அனலாக்ல கேட்டா அப்படித்தான் இருக்கும், பயப்பட ஒண்ணுமில்ல. கலந்து ஓட்டறது நடக்கும், ஆனா ஒரு மாசத்துல வெறுத்துடும். மாத்தறதுன்னா மொத்தமா மாத்திடுங்க.

ரகசியம் பத்தி ஒரு வார்த்தை. அனலாக் செட்டுல “ப்ரைவசி கோட்”னு விளம்பரம் இருக்கும், சிடிசிஎஸ்எஸ், டிசிஎஸ்னு. அது உங்க பேச்ச மறைக்கறது இல்ல, மத்தவங்க பேச்சு உங்க காதுல விழாம தடுக்கறது மட்டும்தான். காத பொத்திக்கிட்டு “யாருக்கும் கேக்கல”ன்னு சொல்ற மாதிரி. டிஜிட்டல்லயும் கலர் கோட்னு ஒரு எண் இருக்கும், அதுவும் அதே ஜாதி. நிஜமா மறைக்கணும்னா என்க்ரிப்ஷன் (பேச்ச பூட்டி அனுப்பறது) உள்ள மாடல்தான், அது இருக்கான்னு தனியா கேளுங்க. சும்மா கேட்டுட்டு போறவன் டிஜிட்டல்ல கேக்க மாட்டான், ஆனா அதே வகை செட்டு வச்சிருக்கற பக்கத்து கட்டடத்துக்காரன் கேக்க முடியும். வாடிக்கையாளர் பேரு, ஃபோன் நம்பர், காசு கணக்கு எதையும் வாக்கியில சொல்றது இல்லன்னு வச்சிருக்கோம்.

பொட்டிய பிரிச்ச உடனே எல்லா செட்டும் சேனல் ஒண்ணுலதான் இருக்கும், உலகத்துல பாதி பேரு அதை மாத்தறதே இல்ல. அதனால ஒண்ண விட்டுட்டு நடுவுல எங்கயாவது போயிடுங்க. எங்களுக்கு எங்கயோ ஒரு சின்னப் பையன் விளையாட்டு செட்டுல “ஹலோ ஹலோ”ன்னு ரெண்டு நாள் வந்தான், நல்ல குரல். லைசென்ஸ் இல்லாத துண்டுங்கறதால யாரு மேலயும் புகார் குடுக்க முடியாது, அவனுக்கும் நமக்கும் சம உரிமை. இதனாலயே, உயிர் போற விஷயத்துக்கு, தீ, லிஃப்ட்ல மாட்டறது மாதிரி, இத மட்டும் நம்பி இருக்காதீங்க.

சிம் போட்டு ஓடற வாக்கி ஒண்ணு இருக்கே, அது ஏன் வேணாம்னு கேப்பீங்க. அது ஊரு முழுக்க ஓடற டெலிவரி வண்டிக்கு நல்லது. எங்க பேஸ்மென்ட்ல மொபைல் டவரே எடுக்காது, அப்பறம் மாசா மாசம் காசு, பேசினா கொஞ்சம் தாமதம். ஒரே கட்டடத்துக்குள்ளன்னா தேவையில்ல.

பேட்டரி. ஸ்பெக் ஷீட்டுல மணி நேரம் போட்டிருப்பாங்க, பக்கத்துல பொடி எழுத்துல 5-5-90னு இருக்கும். நூத்துல அஞ்சு பங்கு நேரம் பேசறது, அஞ்சு பங்கு கேக்கறது, தொண்ணூறு பங்கு சும்மா கெடக்கறதுன்னு கணக்கு. எங்க ஷிஃப்ட் சூப்பர்வைசர் தொண்ணூறு பங்கு பேசற ஆள். அவருக்கு மட்டும் சாயந்திரத்துக்குள்ள பேட்டரி போயிடும், மத்தவங்க செட்டு ராத்திரி வரைக்கும் ஓடும். அவருக்கு ரெண்டு பேட்டரி குடுத்துட்டோம், பேச்ச கொறைக்க சொல்ல தைரியம் இல்ல. தனித்தனி சார்ஜர் வாங்காதீங்க, ப்ளக் பாயிண்டுக்கு அடிதடி நடக்கும், ஆறு குழி உள்ள சார்ஜர் ஸ்டாண்டு வாங்குங்க. செட்டு மேலயும் குழி மேலயும் அதே நம்பர டேப்புல எழுதி ஒட்டுங்க, எது காணும்னு ஷிஃப்ட் முடியும்போது ஒரு பார்வைல தெரியும். சார்ஜர்ல வைக்கும்போது ஆஃப் பண்ணிட்டு வைக்கணும், இத சொல்லி சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்.

டைம் அவுட்னு ஒரு செட்டிங் இருக்கும், ஒரு நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து அமுக்கினா தானா நின்னுடும். அத ஆன்ல வைங்க. நாங்க ஆன் பண்றதுக்கு முந்தின நாள் ஒருத்தர் செட்டு மேல உக்காந்துட்டாரு, பட்டன் அமுங்கியே இருக்கு, சேனல் பூரா அடைச்சுக்கிட்டு அவரு வீட்டம்மாகிட்ட ஃபோன்ல சமாதானம் பேசறது மூணு மாடிக்கும் கேட்டுச்சு. யாராலயும் குறுக்க பேசி நிறுத்தவும் முடியாது, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும்ல. ஓடிப் போய்தான் சொல்லணும். யாரும் ஓடல. விஓஎக்ஸ்னு, பேசினா தானா ஆன் ஆகற வசதியும் இருக்கும், சத்தம் உள்ள எடத்துல அது சனியன், தொடாதீங்க.

இயர்பீஸ் பத்தி நான் முதல்ல யோசிக்கவே இல்ல. செட்டு உறுதியா இருக்கு, ரெண்டு தடவ படிக்கட்டுல உருண்டுச்சு, ஒண்ணும் ஆகல. ஆனா இயர்பீஸ் வயரு ப்ளக்கு கிட்ட விரிசல் விடுது, ஏழு மாசத்துல ஒம்பது போச்சு. வாங்கும்போதே செட்டுக்கு ஒண்ணரை மடங்கு இயர்பீஸ் கணக்கு போட்டு வாங்குங்க. ஆளுக்கு ஒண்ணு, அவங்கவங்க பேரு எழுதி, ஏன்னா அடுத்தவன் காதுல வச்சத நம்ம காதுல வைக்கறது... வேணாம். கென்வுட் வகை ரெண்டு பின்னும் மோட்டோரோலா வகை ரெண்டு பின்னும் தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணு மாதிரிதான் இருக்கும், மாத்தி போட்டா ஓடாது. கடைக்கு செட்டையே எடுத்துட்டு போங்க.

ஐபி நம்பர் பாக்கறவங்களுக்கு, முதல் எண் தூசி, ரெண்டாவது தண்ணி. 54னா தெளிச்சா தாங்கும், 67னா ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரம். ஆனா இயர்பீஸ் சொருகறதுக்காக அந்த ரப்பர் மூடிய தொறந்துட்டீங்கன்னா அந்த நம்பருக்கு பெருசா மரியாதை இல்ல. எங்களுக்கு 54 இருந்தாலே போதும்.

இப்ப அந்த புகார். செட்டு நல்லது, வித்தவரு சரியில்ல. ப்ரோக்ராம் பண்ணி குடுத்தாரு, சேனலுக்கு பேரு வச்சாரு, எல்லாம் சரி. மூணாவது மாசம் ஒரு சேனல மாத்தணும்னு கேட்டா, அதுக்கு சாஃப்ட்வேரும் கேபிளும் அவர்கிட்டதான் இருக்கு, செட்டுல பாஸ்வேர்டும் போட்டு வச்சிருக்காரு, ஒவ்வொரு தடவையும் 18 செட்டையும் கட்டி எடுத்துட்டு வரணுமாம், செட்டுக்கு இவ்ளோன்னு சர்வீஸ் சார்ஜ் வேற. நான் காசு குடுத்து வாங்கின பொருளுக்கு சாவி இன்னொருத்தர் பாக்கெட்ல. கடைசில சண்டை போட்டு பாஸ்வேர்ட வாங்கினோம், செட்டிங் ஃபைலயும் பென்ட்ரைவ்ல வாங்கி வச்சுக்கிட்டோம். நீங்க பில்லு போடறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிடுங்க: ப்ரோக்ராமிங் கேபிள், ஃபைல், பாஸ்வேர்டு, மூணும் எங்களுக்கு. அந்த பேச்சு எடுத்ததும் மூஞ்சி மாறினா வேற கடை பாருங்க.

யாருக்கு இது ஒத்து வராதுன்னும் சொல்லிடறேன். ஒரு கட்டடத்த தாண்டி ரெண்டு மூணு வளாகம், பத்து மாடி, இல்ல ரிப்பீட்டர் இல்லாம முடியாதுங்கற எடம்னா லைசென்ஸ் வாங்கிடுங்க, அரை வாட்ட வச்சு மல்லுக்கட்டாதீங்க. அஞ்சாறு பேரு, ஒரே தளம், சத்தம் இல்லாத எடம்னா டிஜிட்டலே வேணாம், நல்ல அனலாக் செட்டு போதும், அது மலிவு, எல்லாத்தோடயும் பேசும், எல்லைல கரகரன்னாவது எச்சரிக்கும். நடுவுல இருக்கறவங்களுக்கு, சத்தம் உள்ள எடம், பத்துல இருந்து முப்பது ஆளு, ஒரே கட்டடம், அவங்களுக்குத்தான் டிஜிட்டல்ல போட்ட காசு காதுல தெரியும்.

தனி ஆள கூப்பிடற வசதி, குறுஞ்செய்தி, யாரு பேசறாங்கன்னு நம்பர் காட்டறது எல்லாம் சில மாடல்ல இருக்கு. நாங்க ஆசைப்பட்டு வாங்கினோம், தனி அழைப்ப ரெண்டு பேரு மட்டும் பயன்படுத்தறாங்க, குறுஞ்செய்திய ஒருத்தரும் தொடல. கை உறையோட யாரு டைப் அடிக்கறது. அடுத்த தடவ திரையே இல்லாத மாடல்தான் வாங்குவேன், உடையறதுக்கு ஒண்ணு கம்மி.

ஒரு கடைசி குறை, சின்னதுதான் ஆனா தினமும் கடிக்குது. வால்யூம் திருகற குமிழ் ரொம்ப லேசா இருக்கு, பாக்கெட்டுல உரசி உரசி தானா குறைஞ்சுடுது. “கூப்பிட்டேனே கேக்கலையா”ன்னு மேல இருந்து கத்தற சத்தம் வாக்கி இல்லாமலே கேக்குது. இப்ப குமிழுக்கு அடியில ரப்பர் பேண்ட ரெண்டு சுத்து சுத்தி வச்சிருக்கோம், பதினெட்டு செட்டுக்கும்.